சுழலும் தண்ணீரில் சேரும் உப்பு: மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நண்பகல் பன்னிரண்டரை மணி. தாங்கியில் கரைசல் நிறைந்திருக்கிறது, பம்பி ஓடுகிறது, குழாய்களுக்குள் தண்ணீர் போகும் சத்தமும் கேட்கிறது. ஆனால் சலாது இலைகள் நாட்கணக்காகத் தண்ணீர் காணாதவை போலத் துவண்டு கிடக்கின்றன. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பொலித்தீன் கூடாரம் போட்ட முதல் வருடம், ஆனி மாதத்தில், நான் கண்ட காட்சி இது. பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு பங்கு கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இளம் இலைகளின் விளிம்பு கருகிவிட்டது. பிறகுதான் நண்பர் ஒருவரிடம் ஈ.சி. மானியை, அதாவது கரைசல் மின்னைக் கடத்தும் அளவை வைத்து அதில் கரைந்த உப்பைக் காட்டும் கருவியை, இரவல் வாங்கித் தாங்கிக்குள் வைத்தேன். 3.4 என்று காட்டியது. சலாதுக்கு வேண்டியது 1.2 முதல் 1.8 வரை. நட்ட நூற்றெண்பது செடிகளையும் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று.

அன்று எனக்குத் தெரியாமல் இருந்ததை, இப்போது கூடாரம் போடப் புறப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெட்டிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் தட்டெல்லாம் நீர் விட்டிருக்கும். உப்பு இருக்கும் பக்கம் நீர் இழுபடுகிறது. வேரைச் சுற்றியுள்ள கரைசலில் உப்புக் கூடும்போதும் இதுதான் நடக்கிறது. தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் வாடுகிறது. அப்போது பசளை ஊற்றுவது தாகத்தைக் கூட்டுவதாகும், பசளையும் உப்புத்தான்.

உப்பு எங்கிருந்து வருகிறது

மீள்சுழற்சி முறையில் கரைசல் தாங்கியிலிருந்து வேருக்குப் போய்த் திரும்பத் தாங்கிக்கே வருகிறது. குறைவது செடி குடித்த தண்ணீர் மட்டும். அந்தக் குறையை நிரப்பக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறோம். கிணற்றுத் தண்ணீரோடு சோடியமும் குளோரைட்டும் வருகின்றன. செடி தண்ணீரை இலைவழியே ஆவியாக விட்டுவிடுகிறது. நைத்திரேற்று, பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றை உணவாக எடுத்துக்கொள்கிறது. சோடியத்தை மிகச் சிறிதளவே எடுக்கிறது. மிச்சம் முழுவதும் தாங்கியிலேயே தங்கிவிடுகிறது. ஆனையிறவு உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை உங்கள் கூடாரத்தில் செடி செய்கிறது. நிலத்தில் பயிர் செய்தால் மாரி மழை வந்து சேர்ந்த உப்பைக் கீழே கழுவிவிடும். கூடாரத்துக்குள் மழை வராது. வெளியேற வழியை நாங்கள்தான் வைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் கூடுதலான கவலை என்பதைப் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாடு முழுவதும் அப்படித்தான்: சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே இழப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. மோட்டார் வந்தபின் அந்த அவகாசம் இல்லை. விடியற்காலையில் நன்றாக இருக்கும் தண்ணீர் நாலு மணிநேரம் இறைத்தபின் சவர் தட்டுவது இதனால்தான்.

முதலில் உங்கள் கிணற்றை அறியுங்கள்

கூடாரத்துக்குப் பொலித்தீன் வாங்கும் முன்பே தண்ணீரைச் சோதியுங்கள். இரண்டு தடவை சோதிக்க வேண்டும்: மாரி முடிந்த தை மாதத்தில் ஒரு முறை, கிணறு வற்றி நிற்கும் ஆவணி, புரட்டாதியில் ஒரு முறை. முடிவெடுக்க வேண்டியது இரண்டாவது சோதனையை வைத்து. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின், அதே தண்ணீரால் மூன்று முறை கழுவிய போத்தலில் மாதிரி எடுங்கள். நீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியவை ஆறு: ஈ.சி., பீ.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), சோடியம், குளோரைட்டு, கல்சியம், இருகாபனேற்று. நைத்திரேற்றையும் சேர்த்துக் கேட்டால் நல்லது. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கிறது, அதற்கேற்பப் பசளையைக் குறைக்கலாம்.

ஈ.சி. மானியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது போதுமே’ என்று பலர் நின்றுவிடுகிறார்கள். போதாது. மானி, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத்தான் சொல்லும். இரண்டு கிணறுகள் இரண்டிலும் ஈ.சி. 0.9 இருக்கலாம். ஒன்றில் அது பெரும்பாலும் சுண்ணக்கல்லில் கரைந்த கல்சியம். செடி அதை உண்ணும், உங்கள் கல்சியம் நைத்திரேற்றுச் செலவும் குறையும். மற்றதில் அது கடலின் சோடியம் குளோரைட்டு. ஒவ்வொரு வாளியிலும் தாங்கிக்குள் சேரும் சுமை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது முதலாவது வகை. நாக்கில் சவர்ப்பது இரண்டாவது. எங்கள் ஊர்க் கிணறுகளில் இரண்டும் கலந்தே இருக்கும், எது எவ்வளவு என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும்.

சோடியம் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தொடங்கலாம். 50க்கும் 100க்கும் இடையில் என்றால் மழைநீர் கலக்காமல் தொடங்க வேண்டாம். அதற்கு மேலே என்றால், கிணற்றை மட்டும் நம்பி மீள்சுழற்சி முறையைப் போடாதீர்கள், பணம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பாவனைக்கு விற்கும், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவிகள் பல கல்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கின்றன. சவர்க்காரம் நுரைக்கும், கேத்தல் சுத்தமாக இருக்கும், செடி சாகும். அந்தத் தண்ணீரைத் தாங்கிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஒரு சிறு கணக்கு

இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். 500 லீற்றர் தாங்கி. செடிகள் நாளொன்றுக்கு 50 லீற்றர் குடிக்கின்றன. கிணற்றில் சோடியம் லீற்றருக்கு 80 மில்லிகிராம், அதில் செடி எடுப்பது 10 என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 70 மில்லிகிராம் மிஞ்சுகிறது. 50 லீற்றருக்கு 3,500 மில்லிகிராம். அதை 500 லீற்றருக்குள் பரவவிட்டால் நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் ஏறுகிறது. 80இல் தொடங்கிய தாங்கி பதினைந்தாம் நாளில் 185க்கு வந்துவிடும். தக்காளி வேரடியில் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 180தான்.

இப்போது பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து பாருங்கள். வரும் சோடியம் 40, மிஞ்சுவது 30, நாளுக்கு ஏறுவது 3. 40இல் தொடங்கி 180ஐத் தொட ஏறக்குறைய 47 நாட்கள். தண்ணீரில் பாதியைத்தான் மாற்றினோம், கரைசலின் ஆயுள் மூன்று மடங்காகிவிட்டது. இதனால்தான் யார் என்னிடம் கேட்டாலும் மானிக்கும் முந்தி மழைநீர்த் தாங்கியைப் பற்றிப் பேசுகிறேன்.

சலாது தக்காளியைப் போலத் தாங்காது. என் சலாதுத் தாங்கியில் சோடியத்தை நான் 100ஐத் தாண்ட விடுவதில்லை. மேலே சொன்ன கிணற்றுத் தண்ணீரை மட்டும் விட்டால் மூன்றாம் நாளே அந்த எல்லை வந்துவிடும். பாதி மழைநீர் கலந்தால் இருபது நாள் கிடைக்கும். நாற்று நட்டதிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய ஐந்து கிழமை என்பதால் இடையில் ஒரு முறை கரைசலை மாற்றினால் சரி. ஸ்ரோபெரி சலாதைவிடவும் மென்மையானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தக்காளியில் கைபழகுவது நல்லது. சற்றுக் கூடிய ஈ.சி.யில் தக்காளிப் பழத்துக்கு இனிப்பும் கூடும்.

மழையைப் பிடித்து வையுங்கள்

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூடாரம் என்றால் 100 மில்லிமீற்றர் மழையில் 10,000 லீற்றர். யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் கிடைக்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. மேலே சொன்ன தாங்கிக்கு நாளுக்கு 25 லீற்றர் மழைநீர் போதும். தை முதல் புரட்டாதி வரை 270 நாட்களுக்கு 6,750 லீற்றர். இடையில் ஆறு தடவை கரைசலை மாற்ற இன்னும் 1,500. ஆக 10,000 லீற்றர் கொள்ளும் ஒரு தாங்கி இருந்தால் அடுத்த மாரி வரை போய்விடலாம். நல்ல மாரியில் அது கார்த்திகைக்குள்ளேயே நிறைந்து வழியும். வழியும் தண்ணீரைச் சல்லி நிரப்பிய குழி ஒன்றின் வழியாகக் கிணற்றடிக்கே திருப்பிவிடுங்கள்.

பருவத்தின் முதல் மழை கூரையில் படிந்த தூசியையும் கடற்காற்று கொண்டுவந்த உப்பையும் கழுவும். அதைப் பிடிக்க வேண்டாம். தாங்கியை வெளிச்சம் புகாதபடி மூடி, வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். பாசியும் பிடிக்காது, டெங்கு நுளம்பும் பெருகாது.

மென்சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் ஒரு வழிதான். ஆனால் நன்னீரைப் பிரித்தபின் அது கழிக்கும் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதைக் கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டால் சிறிது காலத்தில் அதே உப்பைத் திரும்ப இறைப்பீர்கள்.

கரைசல் தயாரித்தல்

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அல்பேர்ட் பசளைக் கலவையைப் பயன்படுத்தினாலும் தனித்தனிப் பசளைகளைக் கலந்தாலும், உறையில் உள்ள அளவை அப்படியே போடாமல் மானியைப் பார்த்துக் கரையுங்கள். தண்ணீரின் ஈ.சி. 0.4, பயிருக்கு வேண்டியது 1.6 என்றால் பசளையால் வர வேண்டியது 1.2. சலாதுக்கு 1.2–1.8, சலாது வெள்ளரிக்கு 1.7–2.5, தக்காளிக்கு 2–3.5 வரை போகலாம். சோளகம் வீசும் மாதங்களில் இந்த எல்லைகளின் கீழ்ப்பக்கத்தில் நில்லுங்கள். காய்ந்த காற்றில் செடி பசளையைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும், ஈ.சி. தானாக ஏறும். மாரியில் சற்று உயர்த்தலாம்.

தனித்தனியாகக் கலக்கிறவர்கள் கல்சியம் நைத்திரேற்றை ஒரு வாளியிலும், சல்பேற்று, பொசுபேற்றுப் பசளைகளை வேறொரு வாளியிலும் செறிவாகக் கரைத்து வையுங்கள். செறிவாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்புபோல இறுகி அடியில் படியும். எம்.ஓ.பி. எனப்படும் பொற்றாசியம் குளோரைட்டு மலிவானது, தோட்டத்தில் பழகியது. மீள்சுழற்சித் தாங்கிக்குள் அதைப் போடாதீர்கள், குளோரைட்டு ஏறும். பொற்றாசியத்துக்குப் பொற்றாசியம் நைத்திரேற்று அல்லது பொற்றாசியம் சல்பேற்று வாங்குங்கள்.

எங்கள் தண்ணீரின் இருகாபனேற்று பீ.எச்.ஐ மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். 5.5க்கும் 6.2க்கும் இடையில் வைத்திருக்கச் சிறிது பொசுபோரிக் அமிலம் தேவைப்படும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக விடுங்கள். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. அமிலம் இருகாபனேற்றைத்தான் போக்கும், சோடியத்தை ஒன்றும் செய்யாது.

தும்புத்தூள் பையில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. மட்டை ஊறிய நீரின் உப்பு தூளிலும் இருக்கும். வடியும் தண்ணீரின் ஈ.சி. நீங்கள் விட்ட தண்ணீரின் ஈ.சி.க்குக் கிட்ட வரும்வரை கழுவுங்கள். பிறகு கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஓரிரவு ஊறவிட்டு, திரும்பவும் கழுவுங்கள். தூளைப் பற்றியிருக்கும் சோடியத்தைக் கல்சியம் தள்ளி வெளியேற்றும். பயிர் நிற்கும்போது, பையிலிருந்து வடிவதன் ஈ.சி. உள்ளே விடுவதைவிட 1க்கு மேல் கூடியிருந்தால் பைக்குள் உப்புச் சேர்கிறது என்று பொருள்.

கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் ஒரு பென்சிலும் கூடாரத்திலேயே தொங்கட்டும். காலை ஏழு மணிக்கு, தண்ணீர் விடுவதற்கு முன், ஈ.சி.யும் பீ.எச்.உம். பிறகு எத்தனை லீற்றர் விட்டீர்கள். விட்டுக் கலந்தபின் திரும்ப ஈ.சி. இவ்வளவுதான். நேரம் மாறினால் எண்ணும் மாறும், அதனால் ஒரே நேரத்தில் பாருங்கள். மானியை மாதம் ஒரு முறை 1.413 திருத்தக் கரைசலில் வைத்துச் சரிபார்த்து, முனையை மழைநீரால் கழுவி மூடுங்கள்.

தண்ணீர் விட முன் ஈ.சி. நாளுக்கு நாள் ஏறுகிறதென்றால், செடி தண்ணீரைக் குடித்துப் பசளையை விட்டுவைக்கிறது. கரைசல் தடிப்பு, நிரப்பும்போது வெறும் தண்ணீர் விடுங்கள். இறங்குகிறதென்றால் செடி நன்றாக உண்கிறது. என்னை அதிகம் பயமுறுத்துவது மூன்றாவது நிலை: ஈ.சி. ஆடாமல் அசையாமல் 2.0இல் நிற்கும், செடி மட்டும் மெல்ல மெல்லச் சோரும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் சோடியம் குளோரைட்டு தனியாகவே ஏறக்குறைய 0.5 ஈ.சி. காட்டும். நைத்திரேற்றும் பொற்றாசியமும் இறங்க இறங்க, அதே அளவுக்குச் சோடியம் ஏறி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. மானிக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே உதவுவது கொப்பியின் ‘எத்தனை லீற்றர்’ என்ற நிரல்தான். விட்ட தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 500 லீற்றர் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு எவ்வளவு சோடியம் ஏறும் என்பது மேலே போட்ட கணக்கில் இருக்கிறது: கிணற்று நீரில் 70, கலந்த நீரில் 30. உங்கள் பயிரின் எல்லைக்கு எத்தனை சுற்று என்று முன்கூட்டியே குறித்து, அந்தச் சுற்று முடிந்ததும் மானி என்ன சொன்னாலும் மாற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. தண்டின் அடியிலும் சொட்டுக்குழாய் முனையிலும் வெள்ளைப் பொருக்கு. இலை சிறுத்து, கடும்பச்சையாகி, விளிம்பு கருகுதல். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுதல். கரைசலில் கல்சியம் இருந்தும் செடியால் அதைக் காய்வரை கொண்டு செல்ல முடியாதபோது இது வரும். இந்த அடையாளங்கள் தெரிகிற நாளில் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

மாற்றுவது எப்படி

கால்வாசியை மட்டும் வெளியேற்றி நிரப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 180இல் நிற்கும் தாங்கியில் கால்வாசியை இறக்கி 40 உள்ள தண்ணீரை விட்டால் 145க்குத்தான் வரும். சிறிய கூடாரத்துக்கு முழுவதையும் மாற்றுவதே நல்லது என்பது என் முடிவு.

மாலை நாலரைக்குப் பிறகு செய்யுங்கள். பம்பியை நிறுத்தித் தாங்கியை வடித்து, அடியில் படிந்த வண்டலைத் துணியால் துடைத்தெடுங்கள். குளோரின் தூளோ திரவமோ போட்டுக் கழுவினால் பல முறை அலசுங்கள். புதிய கரைசலை வழமையான செறிவின் பாதியில் தொடங்கி, இரண்டு நாளில் படிப்படியாக உயர்த்துங்கள். உப்பில் தவித்த செடிக்கு வெறும் மழைநீரை நாள் முழுவதும் விடாதீர்கள். வேர் திடீரென்று நீரை உறிஞ்சத் தக்காளிப் பழங்கள் வெடிக்கும். வாடிய செடிகளுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் நண்பகலில் நிழல்வலை இழுத்துவிடுவது பெரிய உதவி.

வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பது எனக்கு மிக முக்கியமான விடயம். ஒரு லீற்றர் கரைசலில் நைத்திரேற்று 500, 600 மில்லிகிராம் வரை இருக்கலாம். குடிநீரில் அனுமதிக்கப்பட்டது 50. எங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். இன்று வாய்க்காலில் விட்டது சில நாட்களில் உங்கள் வீட்டுக் கிணற்றுக்கோ அயல்வீட்டுக் கிணற்றுக்கோ வரலாம். கிணற்றடியில் ஊற்றாதீர்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பவும் ஊற்றாதீர்கள், மழை பெய்யும் நாளிலும் ஊற்றாதீர்கள். ஒரு பீப்பாயில் எடுத்துவைத்து, சம அளவு தண்ணீர் கலந்து, உப்பைத் தாங்கும் பயிர்களுக்குப் பங்கிட்டு விடுங்கள். தென்னை நல்ல தெரிவு, அதற்குக் குளோரைட்டும் பிடிக்கும். பீற்றூட்டும் தாங்கும். வாழைக்கும் போஞ்சிக்கும் வேண்டாம்.

என் கூடாரத்துக்குப் பின்னால், கிணற்றிலிருந்து தள்ளி, பதினொரு தென்னைகள் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் நாலு மரத்துக்குப் பிரித்து விடுகிறேன், அடுத்த முறை வேறு நாலு. எந்த மரத்துக்கு எந்தத் திகதியில் விட்டேன் என்பது அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.